சேனைக்கிழங்கு: விதை வெட்டுவது முதல் கிழங்கு தோண்டுவது வரை

சேனை போட்டுச் சரியாக வரவில்லை என்பவர்களிடம் விசாரித்தால், பிழை பெரும்பாலும் நடுவதற்கு முன்பே நடந்திருக்கும். விதையை (நடுவதற்கு எடுக்கும் கிழங்கை) வெட்டிய விதம், குழியின் அளவு, நட்ட மாதம் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால், பிறகு எட்டு மாதம் இந்தப் பயிர் பெரிதாகத் தொந்தரவு தருவதில்லை. மூன்றில் ஒன்று தவறிவிட்டால் பின்னால் எவ்வளவு உரம் கொட்டினாலும் ஈடுகட்ட முடியாது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் நடவுக்கு முந்தைய வேலைகளாகவே இருக்கின்றன.

வீட்டுத் தோட்டத்திலோ தென்னந்தோப்பின் ஊடிலோ ஒன்றிரண்டு சென்ட் போட நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏக்கர் கணக்கில் போடுபவர்களுக்கும் முறை இதுதான், முதலீடு மட்டும் கூடும்.

1. முதலில் செடியைப் புரிந்துகொள்ளுங்கள்

தரைக்கு மேலே தெரியும் பச்சைப் புள்ளித் தண்டு உண்மையில் தண்டு இல்லை, ஓர் இலையின் காம்பு. மேலே குடையாக விரிவது அந்த ஒற்றை இலை. ஒரு பருவத்தில் ஒரு விதையிலிருந்து ஓர் இலை வரும். சில சமயம் அதன் அடியிலிருந்தே இரண்டாவதும் வரும். கிழங்குக்கு வேண்டிய முழு உணவையும் அந்த இலைதான் செய்கிறது. ஆடு கடித்தாலோ களைவெட்டி பட்டு ஒடிந்தாலோ அந்தக் குழியின் விளைச்சல் பெருமளவு போய்விடும்.

இன்னொன்று. நாம் நடும் விதை பெருப்பதில்லை. அது சுருங்கி மக்கிப் போகும், அதன் தலைமேல் புதுக்கிழங்கு உருவாகும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் குழி ஏன் அவ்வளவு பெரிது, விதைக்கு மேல் ஏன் மண் வேண்டும் என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

ஈரமான வெப்பமண்டலக் காட்டில் மரங்களுக்குக் கீழே வளர்ந்து பழகிய இனம் என்பதால் அரைநிழலைத் தாங்கும். தென்னை, பாக்கு, வாழை ஊடே போடுவதற்கு இதனால்தான் ஏற்றது. ஆனால் நிழலைத் தாங்கும் என்றால் நிழலில் நன்றாக விளையும் என்று பொருளில்லை. தண்ணீர் வசதி இருந்தால் வெயில் விழும் இடத்தில்தான் கிழங்கு பெருக்கும். அடர்ந்த மாமரத்தடியில் போட்டுவிட்டு ஏமாறாதீர்கள்.

2. எப்போது நடுவது

மாசி மாதம், அதாவது பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் முன்பாதி வரை. மலையாளிகள் கும்ப மாதத்தில் நட்டால் குடத்தளவு, மீன மாதத்தில் நட்டால் மீன்கண் அளவு என்பார்கள். அவர்களுடைய கும்பம் நம் மாசி. கொஞ்சம் மிகைப்படுத்திய பேச்சுதான், ஆனாலும் காரணமில்லாமல் சொல்லவில்லை. நட்ட விதை முளைத்து வெளியே வர ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட ஆகும். மாசியில் நட்டால் கோடை மழைக்கு இலை விரிந்துவிடும், ஜூன் மழையை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளும். குமரி மாவட்டத்துக்கும் கேரளத்துக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் கிணற்றுப் பாசனத்தை நம்பி சித்திரையிலும் நடுகிறார்கள். அதுவும் சரிதான். ஆனால் கிழங்கு முதிரும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும் என்பதை இப்போதே கணக்கில் எடுங்கள். ஐப்பசியில் தண்ணீர் தேங்கும் நிலத்தில் சேனையே வேண்டாம்.

3. ஒரு சென்டுக்கு என்ன வேண்டும்

மூன்றடிக்கு மூன்றடி (90 சென்டிமீட்டர்) இடைவெளியில் ஒரு சென்டில் சுமார் 50 குழி வரும். குழிக்கு முக்கால் முதல் ஒரு கிலோ விதை என்றால் மொத்தம் 40 முதல் 50 கிலோ. செலவில் பெரும்பங்கு விதைக்கே போகும், அதனால் பலரும் இங்கேதான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். 

மக்கிய தொழுவுரம் குழிக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ வீதம் 100 முதல் 125 கிலோ. பசுஞ்சாணம் ஒரு கூடை, டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூள்) அரைக் கிலோவுக்குள், மூடாக்குக்கு வைக்கோல் அல்லது சருகு. சருகை நடுவதற்கு முன்பே சேர்த்து வையுங்கள். நட்ட பிறகு தேடினால் அந்த வேலை நடக்கவே நடக்காது.

4. விதை வாங்குவது

சந்தையில் கறிக்கு வாங்கும் கிழங்கையே நடலாம், முளைக்கும். ஆனால் அது முதிராமல் தோண்டியதா, நோய் வந்த வயலில் இருந்து வந்ததா என்று தெரியாது. முடிந்தவரை முந்தைய பருவத்தில் நன்றாக விளைந்த வயலைப் பார்த்து, அங்கிருந்தே வாங்குங்கள்.

ரகத்தில் கஜேந்திரா நம்பகமானது. ஆந்திராவின் கொவ்வூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. காறல் குறைவு, உருண்டு திரண்ட ஒற்றைக் கிழங்காக வரும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீபத்மாவும் நல்ல ரகம். நாட்டு ரகங்களில் தாய்க்கிழங்கைச் சுற்றிச் சின்னச் சின்னக் குட்டிகள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றையும் விதையாகப் பயன்படுத்தலாம், ஆனால் அந்த வருடமே பெரிய கிழங்கு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேட்டு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சில ஊரில் சேனையைத்தான் கருணை என்பார்கள், சில ஊரில் கருணை என்றால் பிடிகருணையை எடுத்துக் கொடுப்பார்கள். பெயரை நம்பாமல் கிழங்கைப் பாருங்கள். சேனை தட்டையாக, நடுவில் குழிந்து, யானைக் காலடி போல இருக்கும்.

கிழங்கைத் தட்டிப் பாருங்கள், கனமாகக் கெட்டியாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் அமுங்கும் இடம் இருந்தால் உள்ளே அழுகல். அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி.

5. விதை வெட்டுவது

புதிதாகப் போடுபவர்கள் அதிகம் தவறுவது இந்த வேலையில்தான். உருளைக்கிழங்கில் எங்கு வெட்டினாலும் ஏதாவது ஒரு கண் இருக்கும். சேனையில் அப்படி இல்லை. கிழங்கின் மேல்பக்கம் நடுவில் குழிவாக ஒரு வளையம் இருக்கிறதே, முளை அந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த வளையத்தின் ஒரு பகுதியாவது ஒவ்வொரு துண்டிலும் இருக்க வேண்டும்.

ஆகவே கிழங்கைக் குறுக்கே வெட்டக்கூடாது. மேலிருந்து கீழாக, நடு முளை வழியாகக் கத்தியை இறக்கி, பிறந்தநாள் கேக் வெட்டுவது போலக் கூறு போடுங்கள். நாலு கிலோ கிழங்கு என்றால் நாலு கூறு. ஓரத்தில் மட்டும் சதையைச் செதுக்கி எடுத்த துண்டு முளைக்காமலே போகலாம், முளைத்தாலும் வெகு தாமதமாக வரும். அதைக் குழம்பில் போட்டுவிடுங்கள்.

துண்டின் எடை முக்கால் கிலோவுக்குக் கீழே போக வேண்டாம். முளைத்து வரும் இலையின் அளவு, விதையில் இருக்கும் சேமிப்பைப் பொறுத்தது. சின்ன விதை, சின்ன இலை, சின்னக் கிழங்கு. ஒரு கிலோ விதை போட்டால் சாதாரணமாக மூன்று கிலோ கிழங்கு எதிர்பார்க்கலாம், நன்றாகக் கவனித்த குழியில் இன்னும் கூடும்.

கையில் விதை குறைவாகத்தான் இருக்கிறது, அடுத்த வருடத்துக்குப் பெருக்க வேண்டும் என்பவர்களுக்குத் தனி வழி உண்டு. 100 கிராம் துண்டுகளாக வெட்டி, 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நட்டால், அந்தப் பருவ முடிவில் முழுக்கிழங்காக நடுவதற்கேற்ற விதை கிடைக்கும். இங்கேயும் வளையத்தின் துண்டு ஒட்டியிருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

மிகப்பெரிய முழுக்கிழங்கை வெட்டாமல் அப்படியே நடும் ஆசை சிலருக்கு வரும். அது இலைக்குப் பதில் பூவை விடக்கூடும். கருஞ்சிவப்பாக, பார்க்க விசித்திரமாக, செத்த எலி நாற்றத்தோடு வரும் அந்தப் பூ. வேடிக்கை பார்க்கலாம், ஆனால் கிழங்கின் சத்தெல்லாம் அதற்கே போய்விடும்.

வெட்டும்போது கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உறை போடுங்கள். கை ஈரமாக இருக்கக்கூடாது.

6. சாணக் கரைசலில் முக்கி உலர்த்துவது

வெட்டிய பரப்பு திறந்த புண். அப்படியே ஈர மண்ணில் வைத்தால் பூஞ்சை ஏறி அழுகும். பசுஞ்சாணத்தைத் தோசைமாவு பதத்தில் கரைத்து, விதை கிலோவுக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து, துண்டுகளை முக்கி எடுங்கள். வெட்டுப் பரப்பு முழுக்க மூடியிருக்க வேண்டும்.

பிறகு ஒன்றிரண்டு நாள் நிழலில் உலர விடுங்கள், வெயிலில் வேண்டாம். வெயில் டிரைக்கோடெர்மாவையும் கொல்லும், முளையையும் வாட்டும். வெட்டிய அன்றே நட்டுவிட்டு மறுநாள் மழை பெய்து பாதி விதை அழுகிய தோட்டங்களை நிறையப் பார்த்தாயிற்று. இந்த ஒன்றிரண்டு நாளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

7. குழி

இரண்டடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரையடி ஆழம். இதைச் சொன்னதும் எல்லோரும் மண்வெட்டியைப் பார்த்துவிட்டு அளவைக் குறைக்கிறார்கள். குறைக்காதீர்கள். புதுக்கிழங்கு பக்கவாட்டில் பெருத்து விரிகிறது. சுற்றிலும் இறுகிய மண் இருந்தால் அதற்கு மேல் போகாது, கோணல்மாணலாக வளரும்.

மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் போடுங்கள். மேல்மண்ணில் தொழுவுரத்தைக் கலந்து முதலில் அதையே குழிக்குள் தள்ளி, பாதிக்கு மேல் நிரப்புங்கள். ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்தால் நல்லது. சாணம் மக்காததாக இருந்தால் போடாமல் இருப்பதே மேல், சூட்டில் விதை வெந்துவிடும்.

தென்னந்தோப்பில் மரத்தைச் சுற்றி ஆறு, ஆறரை அடி விட்டுத் தள்ளிக் குழி எடுங்கள். அதற்குள் வெட்டினால் தென்னை வேர் அறுபடும், சேனைக்கும் இடம் கிடைக்காது. களிமண் நிலமாக இருந்தால் குழிகளுக்கு நடுவே வடிகால் வாய்க்காலை இப்போதே வெட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் இலைகளுக்கு நடுவே நின்றுகொண்டு வெட்டினால் வேரும் காம்பும் காயப்படும்.

8. நடவு

நிரப்பிய மண்ணின் நடுவில் விதையை முளைப்பக்கம் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வையுங்கள். சாய்ந்து விழாமல் சுற்றி மண்ணைக் கையால் அணையுங்கள்.

விதையின் தலைக்கு மேல் நாலைந்து அங்குலம் மண் இருக்கட்டும். மேலோட்டமாக நட்டால், தலைமேல் உருவாகும் புதுக்கிழங்கு தரைக்கு வெளியே எட்டிப் பார்க்கும், காற்றடித்தால் இலை அடியோடு சாயும். மிக ஆழமாக நட்டால் முளை வெளியே வருவதற்குள் விதை பாதி வலு இழந்துவிடும்.

காலால் மிதிக்க வேண்டாம், கையால் இலேசாக அழுத்தினால் போதும். குழி இருந்த இடம் தரைமட்டத்தைவிடக் கொஞ்சம் மேடாக முடியட்டும். மண் அமரும்போது பள்ளமாகி அங்கே தண்ணீர் நிற்கக்கூடாது.

9. மூடாக்கு, பிறகு காத்திருப்பு

நட்ட அன்றே சருகையும் வைக்கோலையும் அரையடிக் கனத்துக்குப் போட்டு மூடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் ஈரம் காக்கவும் மண்சூடு ஏறாமல் இருக்கவும் களையை அடக்கவும் இந்த ஒரு வேலை போதும். நம்மூரில் அதிகம் தவிர்க்கப்படும் வேலையும் இதுதான்.

வாரம் ஒரு தண்ணீர். மண் ஈரமாக இருந்தால் அதுவும் தேவையில்லை. முளைக்காத விதைக்கு வேர் இல்லை, தண்ணீரைக் குடிக்க ஆளில்லாத குழியில் ஊற்றிக்கொண்டே இருந்தால் அழுகல்தான் மிஞ்சும்.

மூன்றாவது வாரத்தில் பொறுமை போய் ஒருவர் தவறாமல் குழியைக் கிளறிப் பார்ப்பார். முளை இருந்திருக்கும், கிளறியதில் ஒடிந்திருக்கும். அது ஒற்றை முளை என்பதை மறக்காதீர்கள். 45 நாள் வரை தொடாதீர்கள். எல்லாக் குழியும் ஒரே நாளில் முளைக்காது, தாமதமானதெல்லாம் செத்ததும் இல்லை.

இந்த இடைவெளியில் குழிகளுக்கு நடுவே தட்டைப்பயறு போடலாம். சேனையின் குடைகள் முழுதாக விரிந்து இடத்தை மூடுவதற்குள் காய்த்து முடிந்துவிடும், கொடியைப் பிடுங்கி அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடலாம்.

10. களை, உரம், மண் அணைத்தல்

மூன்றையும் ஒரே நாளில், இந்த வரிசையில் செய்யுங்கள். களை எடுக்காமல் உரம் போட்டால் களைதான் கொழுக்கும். உரம் போட்டு மண் அணைக்காவிட்டால் மழையில் கரைந்தோடும்.

முதல்முறை நட்ட 45 நாளில், இலை விரிந்த பிறகு: குழிக்கு யூரியா 9 கிராம், சூப்பர் பாஸ்பேட் 25 கிராம், பொட்டாஷ் 10 கிராம். ஒரு மாதம் கழித்து யூரியா 9, பொட்டாஷ் 10. ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து, 50 மணிச்சத்து, 150 சாம்பல்சத்து என்ற பரிந்துரையைக் குழிக் கணக்குக்குக் கொண்டுவந்தால் கிடைக்கும் அளவு இது. காம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தூவுங்கள்.

ரசாயன உரம் வேண்டாம் என்பவர்கள் இதே இரண்டு தடவையும் தொழுவுரமும் அடுப்புச் சாம்பலும் கொடுங்கள். சேனை சாம்பல்சத்தை நிறைய எடுக்கும், அதனால் சாம்பலை விட்டுவிடாதீர்கள்.

காம்பை ஒட்டிக் கொத்தாதீர்கள், அங்கே கையால் களை பிடுங்குங்கள். காம்படியில் படும் சின்னக் கீறலும் அடுத்துச் சொல்லப்போகும் நோய்க்கு வாசல்.

இளம் இலையையும் காம்பையும் கேரளத்தில் தோரன் வைப்பார்கள், ருசியாகவே இருக்கும். கிழங்கு வேண்டிய குழியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

11. வரக்கூடிய தொல்லைகள்

பெரிய எதிரி அடித்தண்டழுகல். தரையை ஒட்டிய இடத்தில் காம்பு பழுப்பாகி, இலை மஞ்சளாகி, ஒருநாள் காலையில் மொத்தமாகச் சாய்ந்து கிடக்கும். அடியில் பார்த்தால் வெள்ளை நூல்களும் கடுகு மாதிரி உருண்டைகளும் இருக்கும். அந்தக் கடுகுதான் மண்ணில் தங்கி அடுத்த பயிரையும் பிடிக்கும். சாய்ந்த செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து வெளியே அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள். மற்றக் குழிகளுக்கு டிரைக்கோடெர்மா கலந்த தொழுவுரம் கொடுத்து, தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். வடிகால் இல்லாமல் மருந்து மட்டும் ஊற்றிப் பயனில்லை.

இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டு விழுந்து முறுக்கிக்கொண்டால் அது தேமல், வைரஸ் நோய். மருந்து கிடையாது. அந்தக் கிழங்கை விதைக்கு மட்டும் எடுக்காதீர்கள், சமைத்துச் சாப்பிடலாம்.

மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்கு வேலி இல்லாமல் கிழங்குப் பயிரே போட முடியாது, சேனையும் விலக்கில்லை.

12. தோண்டுவது

எட்டு, ஒன்பது மாதத்தில் இலை மஞ்சளாகித் தானே சாயும். சாய ஆரம்பித்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். அதே நாளில் ஒவ்வொரு குழியிலும் ஒரு குச்சி நடுங்கள். இலை காய்ந்து மக்கிவிட்டால் கிழங்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது, கடப்பாரை நேராகக் கிழங்கில்தான் இறங்கும்.

குச்சியிலிருந்து ஒன்றரையடி தள்ளி, சுற்றிலும் மண்ணை நெகிழ்த்தி, அடியில் நெம்பித் தூக்குங்கள். காயம்பட்ட கிழங்கைத் தனியாக வைத்து முதலில் அதைச் சமைத்துவிடுங்கள். நல்ல கிழங்கோடு சேர்த்து அடுக்கினால் அழுகல் எல்லாவற்றுக்கும் பரவும்.

விலைக்காக ஆறு, ஏழு மாதத்திலேயே தோண்டுவதும் உண்டு. கறிக்குப் பரவாயில்லை. விதைக்கு வைக்கும் கிழங்கு மட்டும் முழுதாக முதிர்ந்திருக்க வேண்டும், இளங்கிழங்கு சேமிப்பில் சுருங்கிப் போகும். நெல்லை, குமரிப் பக்கம் பொங்கலுக்குக் கிழங்கு வகைகளுக்கு நல்ல கிராக்கி இருக்கும். விற்பதாக இருந்தால் நடும் மாதத்தையே அதற்கு ஏற்றபடி திட்டமிடலாம்.

13. சமையலறையில்

கையரிப்புக்கும் நாக்கு காறுவதற்கும் காரணம் கிழங்கில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள். தோல் சீவும் முன் கழுவாதீர்கள், மண்ணைத் துணியால் துடைத்துவிட்டு, எண்ணெய் தடவிய கையால் தடிமனாகத் தோலைச் சீவுங்கள். துண்டு போட்ட பிறகு கழுவலாம். புளித்தண்ணீரில் மஞ்சளும் உப்பும் போட்டு நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள். அரைவேக்காட்டில் எடுத்து எண்ணெயில் வறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் தொண்டை சொல்லிவிடும்.

14. விதைக்குச் சேமிப்பது

அடுத்த வருடத்துக்கு வேண்டிய கிழங்கைத் தோண்டிய அன்றே பிரித்துவிடுங்கள். நோய் வராத குழியில் விளைந்த, காயமில்லாத, நல்ல உருவமுள்ள கிழங்காக இருக்கட்டும். மிச்சம் இருப்பதை விதைக்கு வைப்பதுதான் வழக்கம், வருடத்துக்கு வருடம் விளைச்சல் குறைவதும் அதனால்தான்.

மண்ணைத் தட்டி, வேரை நீக்கி, சில நாள் நிழலில் உலர்த்துங்கள். பிறகு காற்றோட்டமான அறையில் மணல் அல்லது சருகு விரித்து ஒற்றை அடுக்காக, தொடாமல் பரப்புங்கள். சாக்கில் கட்டினாலோ குவித்தாலோ அடியில் இருப்பது வேர்த்து அழுகும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மாவுப்பூச்சியின் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி வையுங்கள். தோண்டிய பின் இரண்டு மூன்று மாதம் கிழங்கு உறங்கும், அதுவரை நட்டாலும் முளைக்காது. மாசி நெருங்கும்போது நடு வளையத்தில் இளஞ்சிவப்பாக முளை தடிக்கத் தொடங்கும். அப்போது கத்தியை எடுக்கலாம்.